தூபா கட்டிய பந்தயம்

ரஃப்சஞ்சானில் பிஸ்தா தோட்டம் வைத்திருந்த நொஸ்ரத்துக்கு அபினி பதினோரு வருஷப் பழக்கம். ரத்தத்தில் சேரும் கொழுப்பை அபினிப் புகை கரைத்துவிடும் என்று ஊரில் பலரைப் போல அவரும் நம்பினார். அந்தத் தைரியத்தில் வெள்ளிக்கிழமைதோறும் ஆட்டுத்தலைச் சூப்பை, மேலே மிதக்கும் கொழுப்போடு, இரண்டு கிண்ணம் குடிப்பார்.

அந்த வசந்தத்தில் அவர் மனைவி தூபாவுக்குக் கொழுப்பு கூடியிருப்பதாக டாக்டர் மொஜ்கான் சொன்னார். மருந்துச் சீட்டோடு வந்தவளிடம் நொஸ்ரத், அபினிக் குழலுக்குக் கங்கு எடுத்தபடியே, பாசத்தோடு சொன்னார்.

"மாத்திரையெல்லாம் எதுக்குடி? சாயங்காலம் என்கூட உக்காந்து ரெண்டு இழுப்பு இழு. ஒரே மாசத்துல கரைஞ்சிடும்."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அதுதான் தூபாவுக்குப் பகீரென்றது. இத்தனை வருஷமும் சண்டை போட்டுப் பார்த்தவள் அன்றைக்குச் சண்டை போடவில்லை.

"சரி, இழுக்கிறேன். முதல்ல நீங்களும் டெஸ்ட்டுக்கு ரத்தம் குடுங்க. உங்க கொழுப்பு என்னோடதைவிடக் கம்மியா இருந்தா, எனக்கும் ஒரு குழல் வாங்கிடுங்க."

"தோக்கப் போறே, பைத்தியக்காரி!" சிரித்துக்கொண்டே போய்க் கையை நீட்டினார்.

மூன்றாம் நாள் டாக்டர் மொஜ்கான் பரிசோதனைத் தாளைப் பார்த்தார். "ஐயா, உங்க வீட்டம்மாவே தேவலை. உங்களுக்குக் கெட்ட கொழுப்பு எக்கச்சக்கம். நல்லது அடிமட்டத்துல கெடக்கு."

"தாள் மாறியிருக்கும், டாக்டரம்மா."

"பேரைப் படிங்க."

படித்தார். அவர் பெயர்தான்.

"அபினி கரைச்சிடும்னாங்களே..."

"ஊரு சொல்லுது. உங்க ரத்தம் அப்படிச் சொல்லலையே."

வீட்டு வாசலுக்கு வந்ததும் தூபாவிடம் கேட்டார்: "என் பேச்சைக் கேட்டு நீ இழுத்திருந்தா?"

"நான் எங்க இழுக்கப்போறேன்? நீங்க ஜெயிச்சிருந்தா வேற டாக்டரைத் தேடியிருப்பேன்."

அந்த வாரமே போதைப் பழக்கத்திலிருந்து விடுவிக்கும் மருத்துவமனையில் பெயரைப் பதிந்தார். அபினிக்குப் பதிலாக அங்கே கொடுத்த மருந்தின் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வந்தார்கள். கால் குடைந்தது, தூக்கம் போனது. ஒருமுறை தோற்றுப்போய்ப் பழைய அபினிக் கூட்டாளி வீட்டுக்கே போய்விட்டார். தூபா திட்டவில்லை. உப்பை வறுத்துத் துணியில் கட்டி, முழங்காலுக்கு ஒத்தடம் கொடுத்தாள். மறுநாள் அவரே மருத்துவமனைக்குக் கிளம்பினார்.

அறுவடை முடிந்ததும் மறுபடி இருவரும் ரத்தம் கொடுத்தார்கள். மாத்திரை சாப்பிட்டுவந்த தூபாவுக்குச் சரியாகிவிட்டது. அவருக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல்தான், ஆனாலும் நன்றாக இறங்கியிருந்தது.

குழலை விட்டு ஒரு ராத்திரி தங்க முடியாமல், கெர்மானில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுகிற மனிதர், இந்த முறை மூன்று நாள் தங்கினார். பேத்தியைத் தோளில் ஏற்றிக்கொண்டு கடைத்தெரு முழுக்கச் சுற்றினார். திரும்பும்போது பஸ்ஸில் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தார்.

"கொஞ்சம் வாயை மூடிட்டுத்தான் வாங்களேன்" என்ற தூபா, அவர் தோளிலேயே சாய்ந்து தூங்கிப்போனாள்.