'வர இருக்கும்' என்ற இரண்டு சொற்கள்

1

இந்தக் கதை ஒரு மன்னிப்புக் கடிதமாகத்தான் தொடங்கியது. நாலு வரிக்கு மேல் நகரவில்லை. கடிதத்தில் மழுப்ப முடியாது, கதையில் தாராளமாக முடியும். ஆகவே ஓர் அண்ணனையும் தங்கையையும் வைத்துக் கதையாக்கினேன். அண்ணன் அச்சகத்தில் புரூஃப் பார்த்துப் பிழை திருத்துபவன். தங்கை நர்சிங் படிக்க வேண்டும். இரண்டு இடங்களில் சீட் கிடைத்திருக்கிறது. எதில் சேருவது?

2

முதல் தொடக்கம்: 'மேஜைமேல் இரண்டு காகிதங்கள், இரண்டு எதிர்காலங்களைப் போல...'

வேண்டாம். வாக்கியம் அழகாக இருக்கிறது. இந்தக் கதையில் அழகான வாக்கியத்தை நம்பாதீர்கள்.

மறுபடி. மேஜைமேல் ஒரு ஜெராக்ஸ் தாளும் ஒரு வழவழப்பான புத்தகமும் கிடந்தன. ஜெராக்ஸ், ஒரு பழைய ஆஸ்பத்திரி நடத்தும் பள்ளியுடையது. 'முதல் வருடமே வார்டு. ஆறரை மணிக்கு வரவும். தாமதமானால் வெளியே' என்று அதட்டியது. புத்தகம் ஒரு புதிய கல்லூரியுடையது.

"இந்த ஜெராக்ஸ்ல செவிளியர்னு போட்டிருக்காங்க பாரு," என்றான் அண்ணன். "பேரையே ஒழுங்கா எழுதத் தெரியல. ஊசி போட எப்படிச் சொல்லித் தருவாங்க?"

தங்கை சிரித்தாள். "ஆனா முதல் வருஷமே வார்டுக்கு அனுப்பறாங்களாம்ணா."

"இந்தப் புதுக் காலேஜுல சொந்த ஆஸ்பத்திரியே இருக்கு. இருநூறு பெட். இதோ, படி."

"அப்ப சரி. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

[இந்தக் கடைசி வரியை மூன்று தடவை அடித்தேன். அவள் சொன்னது அதுதான், என்ன செய்வது.]

3

இந்த அண்ணன்மேல் எனக்குச் சந்தேகம். ஒரு எட்டு நேரில் போய்ப் பார்த்திருக்கலாமே? அவ்வளவு சோம்பேறியா? பாத்திரம் ஒட்டவில்லை என்று நீங்களும் முணுமுணுத்திருப்பீர்கள்.

ஒட்டாது. ஏனென்றால் ஒன்றை மறைத்துவிட்டேன். அந்த அண்ணன் நான். அந்தப் புத்தகம் எங்கள் அச்சகத்தில் அச்சானது. புரூஃப் பார்த்ததும் நானே.

கல்லூரி எழுதிக் கொடுத்தது: 'இருநூறு படுக்கைகளுடன் வர இருக்கும் சொந்த மருத்துவமனை.' இரண்டு சொல் அடுத்த பக்கத்துக்கு வழிந்தது. 'வர இருக்கும்' என்பதை வெட்டினேன். வாக்கியம் கச்சிதமாக உட்கார்ந்தது. கல்லூரியும் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டது.

மூன்று மாதம் கழித்து அதையே தங்கைக்குப் படித்துக் காட்டினேன். வெட்டியதை மறந்துவிட்டேன் என்று எழுதி, அடித்தேன். நினைவிருந்தது என்று எழுதி, அதையும் அடித்தேன். அன்றைக்கு எனக்கு உண்மையில்

[இந்த வாக்கியத்தை முடிக்கத் தெரியவில்லை.]

4

ஆஸ்பத்திரி வரவே இல்லை. ஓர் அடிக்கல்லும் அதைச் சுற்றிப் புல்லும் இருந்தன. நாலு வருடமும் ரப்பர் கையில் ஊசி குத்திப் பழகினாள். எப்போதாவது வெளி ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு கட்டிலைச் சுற்றி நாற்பது பேர், இவளுக்கு நோயாளியின் கால்விரல்தான் தெரியும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், ஒரு பெரியவரின் கையில் நரம்பு கிடைக்காமல் மூன்று தடவை குத்தினாள். அவர் "பரவாயில்லம்மா" என்றார். தலைமை நர்ஸ்தான் எல்லார் முன்னாலும், "எங்கம்மா படிச்ச?" என்று கேட்டார். அதற்குப் பிறகு ஊசியை எடுத்தாலே கை நடுங்கியது. எட்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். இப்போது நர்ஸ் வேலையை விட்டு, அதே ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிறாள். வார்டுக் கதவு திறக்கும்போதெல்லாம் தலை தானாகத் திரும்புகிறது. சாப்பாடு கொடுக்கப் போனபோது பார்த்தேன்.

5

முடிவுகள்:

அ) அண்ணன் சொல்லவே இல்லை. [இதுவரை இதுதான்.]

ஆ) தங்கைக்கு எப்போதோ தெரியும், அண்ணன் மனம் நோகுமே என்று வாய்திறக்கவில்லை. [எனக்குச் சௌகரியமான முடிவு. அதனாலேயே வேண்டாம்.]

இ) நேற்று நடந்தது. தங்கை ஒரு ஜெராக்ஸ் தாளோடு வந்தாள். அதே பழைய பள்ளி. 'வேலையை விட்ட செவிளியர்களுக்கு ஆறு மாத வார்டுப் பயிற்சி.' அந்த எழுத்துப்பிழையை இன்னும் திருத்தவில்லை அவர்கள்.

"போகவாண்ணா? திரும்பவும் கை நடுங்கினா என்ன பண்றது? நீயே சொல்லு. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

"நாளைக்குச் சொல்றேன்," என்றேன்.

6

இவ்வளவு நேரம் 'நீங்கள்', 'நீங்கள்' என்று யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். நீதான்மா. இந்தக் கதை எழுதிய தாளை உன் சாப்பாட்டுப் பைக்குள் வைக்கிறேன். போ என்றோ வேண்டாம் என்றோ நான் சொல்லப்போவதில்லை, சொல்கிற தகுதியை இழந்துவிட்டேன். கீழே இடம் விட்டிருக்கிறேன். என்னைத் திட்டுவதானாலும் அங்கேயே திட்டு. பக்கம் வழிந்தால் வழியட்டும். எழுத்துப்பிழை இருந்தாலும் ஒரு சொல்லைக்கூட நான் தொடமாட்டேன்.