கறுப்பு வெள்ளையில் மஞ்சள் புடவை

விஜயராகவன் ஐரோப்பாவிலிருந்து வந்து இறங்கியதிலிருந்து அந்த வீட்டில் ஒருவராலும் நிம்மதியாக ஒரு பிளாஸ்டிக் கவரைத் தொட முடியவில்லை. அம்மா கன்னியம்மாள் கறிவேப்பிலை வாங்கி வந்தால், அது எதில் வந்தது என்று எட்டிப் பார்ப்பான். அப்பா துளசிங்கம் மாத்திரை அட்டையைப் பிய்த்தால் பெருமூச்சு விடுவான். பெற்றவர்கள் இரண்டு பேரும் பிள்ளைக்குத் தெரியாமல் குப்பை கொட்டுவதைப் பார்க்கப் பார்க்க அக்கா யோகலட்சுமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவன் ஜெர்மனியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவன். போன வருஷம் நீண்ட லீவு போட்டுவிட்டு, ஐரோப்பா முழுக்க ரயிலிலும் சைக்கிளிலும் சுற்றிப் படம் எடுத்தான். விமானம் ஏறினால் பூமி சூடாகுமாம். ஜெர்மனிக்கும் சென்னைக்கும் நடுவே பறப்பது மட்டும் அந்தக் கணக்கில் சேராது. அது தவிர்க்க முடியாததாம். மீனம்பாக்கத்திலிருந்து திருத்தணிக்குத் தனி ஏசி காரில் வந்ததும் தவிர்க்க முடியாததுதான், பெட்டியில் கேமரா இருந்ததே! நெஞ்சில் ஆபரேஷன் முடிந்த கையோடு மின்சார ரயில் கூட்டத்தில் நசுங்கி ஊர் வந்து சேர்ந்தவர் துளசிங்கம். பூமியைக் காப்பாற்றுகிறோம் என்று அவர் அப்போது நினைத்துப் பார்க்கவே இல்லை, பாவம்.

ஊர்க்காரர்கள் சும்மா இருந்திருக்கலாம். ஊர் நலச் சங்கத்துத் தலைவர் குணசேகரனுக்கு யாரையாவது பாராட்டாவிட்டால் தூக்கம் வராது. மலை அடிவாரத்துக் கல்யாண மண்டபத்தில் விஜயராகவனுடைய படங்களை மாட்டி, பொன்னாடை போர்த்துவதென்று முடிவாயிற்று. கண்காட்சிக்குப் பெயர் 'மண் நோகாமல்'. படங்களுக்குக் கீழே தமிழில் விவரம் எழுதி ஒட்டுகிற வேலை, தனியார் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சரான யோகலட்சுமியின் தலையில் விழுந்தது.

முந்தின நாள் சாயங்காலம் அவள் மண்டபத்தில் உட்கார்ந்து எழுதினாள். படங்கள் நன்றாகத்தான் இருந்தன. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. பனி மூடிய மலை, ஏரியில் அன்னப்பறவை, பாலாடைக்கட்டி செய்கிற கிழவி. ஒவ்வொன்றின் கீழும் கண்ணாடிக்குள் இங்கிலீஷில் ஒரு சீட்டு. அன்னம் அடைகாக்கிற இடத்துக்கு அவன் பக்கத்தில் போகவில்லையாம், அதற்குத் தொந்தரவாக இருக்குமாம். கிழவி சம்மதம் சொல்லும்வரை இரண்டு நாள் அவள் வீட்டு வாசலில் காத்திருந்தானாம். கிழவியின் பெயர், மாட்டின் பெயர் எல்லாம் போட்டிருந்தான்.

கடைசிப் படத்தைத் திருப்பியதும் அவள் கை நின்றுவிட்டது. அது அம்மா.

ஆடிக் கிருத்திகை அன்று எடுத்தது. துளசிங்கத்தை ஆபரேஷனுக்கு உள்ளே தள்ளிக்கொண்டு போனபோது, 'தாலியை நிறுத்திக் குடு சாமி, தலைமுடியை உனக்குக் குடுக்கறேன்' என்று கன்னியம்மாள் முருகனிடம் வேண்டிக்கொண்டிருந்தாள். இடுப்பைத் தாண்டுகிற முடி அவளுக்கு. மொட்டை அடித்துக்கொண்டு, சரவணப் பொய்கையில் முங்கி எழுந்து, தலையில் சந்தனம் பூசுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் கண்ணை மூடி நின்றாள். லீவில் வந்திருந்த பிள்ளை அந்த நிமிஷத்தைத்தான் பிடித்திருந்தான். அன்றைக்கு அவள் கட்டியிருந்தது மஞ்சள் புடவை. கறுப்பு வெள்ளைப் படத்தில் அது வெள்ளைப் புடவையாகிவிட்டது. குங்குமம் தண்ணீரில் கரைந்துபோயிருந்தது. தாலி முந்தானைக்குள், மெட்டி தண்ணீருக்குள். கீழே சீட்டில் இங்கிலீஷில், 'விதவை, தென்னிந்தியா'.

"ராகவா, இது இன்னாடா?"

ஏணி மேல் நின்று விளக்கைத் திருப்பிக்கொண்டிருந்தவன் இறங்காமலே கேட்டான். "எதுக்கா?"

"அம்மாவை விடோன்னு போட்டிருக்குதே. நைனா இன்னா செத்தா பூட்டாரு?"

"அத நான் எழுதலக்கா. ஜெர்மனியில கண்காட்சி நடத்துனவங்க, இவங்க விடோவான்னு கேட்டாங்க. மொட்டைன்னா அவங்களுக்கு அதான் தெரியும். வேண்டுதல், கிருத்திகைன்னு ஆரம்பிச்சா விடிய விடிய சொல்லிக்கினு இருக்கணும்."

"அதனால ஆமான்னு தலையாட்டிட்ட."

"ஆமான்னு சொல்லல. இல்லன்னும் சொல்லல. அங்க ஜனங்க இந்தப் படத்துக்கு முன்னாடிதான் ரொம்ப நேரம் நின்னாங்க தெரியுமா? ஒரு லேடி அழுதுட்டாங்க."

"புருஷன் குத்துக்கல்லாட்டம் இருக்கறப்பவே அழுதாங்களா? ரொம்ப நல்ல மனசுடா அவங்களுக்கு. சீட்டை மாத்து."

"கண்ணாடிக்குள்ள வச்சு ஒட்டிட்டாங்கக்கா. பிரிச்சா பிரேம், அட்டை எல்லாம் வேஸ்ட். ஒரு வார்த்தைக்காக இவ்ளோ பொருளைக் குப்பையில போடச் சொல்றியா?"

அட்டை வீணாகக் கூடாதாம். அம்மா வேண்டுமானால் தாலியில்லாமல் சுவரில் தொங்கலாமாம். இவ்வளவு நல்லவனைப் பெற என்ன தவம் செய்தார்களோ!

"அப்ப இந்தப் படத்தை மாட்டாத."

"அதான்க்கா முக்கியமான படம். நீ தமிழ்ல அம்மான்னு எழுதி ஒட்டிடு, தீந்துச்சு. இந்த ஊருல யாரு இங்கிலீஷைப் படிச்சுக்கினு நிக்கப் போறாங்க?"

தினமும் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்துத் தொண்டை கட்டிப்போன அக்காவிடம் அதைச் சொன்னான். அவள் பேனாவை மூடிவிட்டு எழுந்து வந்துவிட்டாள். அந்தப் படத்துக்கு மட்டும் தமிழ்ச் சீட்டு எழுதவில்லை. அம்மா என்று எழுதினால் அவனுடைய பொய்க்குப் பாய் விரித்த மாதிரி ஆகும். உள்ளதை எழுதக் கை வரவில்லை.

ஏனென்றால் கன்னியம்மாளை அவளுக்குத் தெரியும். அம்மையார்குப்பத்தில் தறி ஓட்டிய குடும்பம். வீடெல்லாம் நூல், நாள் முழுக்க அறுந்துகொண்டுதான் இருக்கும். ஆனால் கன்னியம்மாள் வாயிலிருந்து 'அறுந்துபோச்சு' என்ற சொல் வராது. தாலிக்கயிறு விட்டுப்போனால் 'பெருகிடுச்சு' என்று சொல்வார்கள் அல்லவா? அவள் எல்லா நூலுக்கும் அதையேதான் சொல்வாள். பாவு இழை பெருகிடுச்சு, சட்டைப் பொத்தான் பெருகிடுச்சு, பூச்சரம் பெருகிடுச்சு. துளசிங்கம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்ததற்கு அப்புறம், வீட்டில் வேறு யாராவது அந்தச் சொல்லைச் சொன்னாலும் வாயில் அடிப்பாள். அவளிடம் போய் இந்தச் சீட்டில் இருப்பதை யார் சொல்வது? ராத்திரிக்குள் தம்பிக்குப் புத்தி வரும், படத்தை எடுத்துவிடுவான் என்று யோகலட்சுமி நம்பினாள். அது அவளுடைய அசட்டுத்தனம்.

மறுநாள் படம் வாசலுக்கு நேர் எதிரே, எல்லாவற்றையும்விடப் பெரிதாக மாட்டியிருந்தது.

கன்னியம்மாள் பட்டுப்புடவை கட்டி, காதளவு வளர்ந்திருந்த முடியில் எப்படியோ ஒரு முழம் மல்லிகையைச் செருகிக்கொண்டு வந்திருந்தாள். படத்தைப் பார்த்ததும் வெட்கப்பட்டாள்.

"அய்யே, ஈரப் பொடவையோட நிக்க வச்சிட்டானே! எப்ப எடுத்தான்னே தெரியலியே." அப்புறம் கீழே பார்த்தாள். "யோகா, எல்லாத்துக்கும் தமிழ்ல எழுதிக்கீற. என் படத்துக்கு மட்டும் ஒண்ணும் இல்லியே? இங்கிலீஷ்ல இன்னா போட்டுக்கீது?"

யோகலட்சுமி வாசல் பக்கம் பார்த்தாள்.

"இன்னாடி முழிக்கிற? படி" என்றார் பக்கத்தில் நின்ற துளசிங்கம்.

அம்மா, திருத்தணி என்று சொல்லியிருந்தால் இருவரும் சிரித்துக்கொண்டே போய் உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் வாசலில் அவளுடைய பள்ளிப் பிள்ளைகள் வந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒன்றிரண்டு பேர் அந்தப் படத்துக்கு முன்னால் நின்று எழுத்துக்கூட்ட ஆரம்பித்திருந்தார்கள். யாரோ ஒரு பிள்ளை வாயால் கேட்பதைவிடத் தன் வாயால் கேட்கட்டும் என்று அவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னாள். வெளிநாட்டில் கேட்டார்கள், அவன் மறுக்கவில்லை என்பதையும் சொன்னாள்.

கன்னியம்மாளின் கை நேராகக் கழுத்துக்குப் போயிற்று. அழவில்லை. தாலியை வெளியே எடுத்துப் பார்த்தாள், திரும்ப உள்ளே போட்டுக்கொண்டாள். துளசிங்கம் படத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மஞ்சப் பொடவை ஆச்சே அது. நான்தான வாங்கியாந்தேன்" என்றார்.

அதற்குள் மேடையிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். பெற்றோரை முன்வரிசையில் உட்காரவைத்துவிட்டு விஜயராகவன் மைக்கைப் பிடித்தான். வாய் ஓயாமல் பேசினான். பயணம் போகிறவன் காலடித் தடத்தைத் தவிர எதையும் விட்டுவரக் கூடாதாம். ஒரு மனுஷனைப் படம் எடுப்பது அவர் வீட்டுக்குள் நுழைகிற மாதிரியாம், கேட்காமல் நுழையக் கூடாதாம். பாலாடைக்கட்டிக் கிழவி கதையைச் சொன்னான், கூட்டம் கைதட்டியது. யோகலட்சுமிக்கு எழுந்துபோய் அவன் காதைப் பிடித்துத் திருக வேண்டும்போல இருந்தது. கைதட்டுகிறவர்களையும் சேர்த்துத்தான்.

"இப்பேர்ப்பட்ட பிள்ளையைப் பெற்ற தந்தைக்கு இந்த மேடையில் மரியாதை செய்கிறோம்" என்று முழங்கினார் குணசேகரன். துளசிங்கம் படியில் நின்று நின்று ஏறினார். பிளாஸ்டிக் நார் கலக்காமல், வாழைநாரில் கட்டச் சொல்லி விஜயராகவனே ஆர்டர் கொடுத்த சாமந்தி மாலை. அவனே அப்பாவின் கழுத்தில் போட்டான். மொபைல்கள் எல்லாம் உயர்ந்தன.

துளசிங்கம் மாலையைக் கழற்றினார். மரியாதைக்காகக் கழற்றுகிறார் என்று நினைத்து எல்லாரும் இன்னொரு தடவை கைதட்டினார்கள். அவர் அதை மகனிடம் நீட்டினார்.

"எனக்கு எதுக்குடா இது? செத்தவனுக்குப் படத்துல இல்ல மாலை போடுவாங்க?"

மைக் பக்கத்திலேயே இருந்ததால் மண்டபம் முழுக்கக் கேட்டது.

"நைனா..."

"என் படத்துல போடு. சுத்திப் பாத்துட்டுத்தான் வந்தேன். அன்னம் கீது, மாடு கீது, யாரோ ஒரு கெழவி கீறா. என் படம் ஒண்ணு எங்கனா வச்சிருக்கியா?"

கைதட்டல் நின்றுவிட்டது. விஜயராகவன் அம்மாவின் படத்தைப் பார்த்தான், பிறகு முன்வரிசையைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. மாலையைத் திரும்ப அப்பாவின் கழுத்தில் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதுபோல அதைப் பிடுங்கப் போனான். அவர் விடவில்லை. இரண்டு பேர் கைக்கும் நடுவில் நார் பட்டென்று விட்டது. சாமந்தி மேடையெங்கும் சிதறி ஓடியது.

"அம்மா, நீ சொல்லும்மா" என்று குரல் உடைந்து கூப்பிட்டான். "நான் எதுவும் வேணும்னு பண்ணலம்மா."

கன்னியம்மாள் எழுந்து மேடை ஓரத்துக்கு வந்தாள். புருஷன் இறங்குவதற்குக் கை கொடுத்தாள். காலடியில் கிடந்த பூவையும், பிள்ளையின் கையில் தொங்கிய நாரையும் பார்த்தாள். அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று யோகலட்சுமிக்குத் தெரியும். எத்தனை வருஷமாய்க் கேட்ட சொல்!

"அறுந்துபோச்சு" என்றாள் கன்னியம்மாள். "வாய்யா, வூட்டுக்குப் போவலாம்."