களவா மீனின் விசாரணை

எலுமிச்சைச் சாற்றில் ஊறும் மீன், சமைப்பவருடைய அம்மாவின் குரலைக் கேட்டால்தான் புளிப்பை உள்ளே விடும். அதனால் திருப்பூரில் ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாரும் அம்மாவுக்கு ஃபோன் போட்டு மீன் சட்டிக்குப் பக்கத்தில் வைப்பார்கள்.

உஸ்மானின் அம்மா ஃபோனை எடுக்கவில்லை. செனகலிலிருந்து பனியன் வாங்க வந்த மகன், என் அக்கா கௌசல்யாவைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னதிலிருந்து அவர் பேச்சை நிறுத்தியிருந்தார். எங்கள் அப்பாவோ, "அவங்க ஊருச் சோத்த அவரு கையால ஆக்கிப் போடட்டும். வாய்க்கு ஒத்து வந்தாத்தான் பொண்ணு" என்று சொல்லிவிட்டார்.

உஸ்மான் தன் ஊர் மீன் குழம்பான யாசா செய்ய இறங்கினார். சனிக்கிழமை ராத்திரியே களவா மீனைக் கீறி, எலுமிச்சையும் கடுகு விழுதும் தடவினார். அக்கா அரிந்த வெங்காயத்தால் மீன் தெரியாமல் மூடினார். காலையில் பார்த்தால் சாறு அப்படியே நின்றது.

அக்கா என் பக்கம் திரும்பினாள். "ஹெட்மாஸ்டர் கொரல்ல பள்ளிக்கூடத்துக்கே லீவு உட்டவதானடி நீ? பேசு."

உஸ்மானின் அம்மா ஸ்பீக்கரில் திட்டியதை ஒருமுறை கேட்டிருக்கிறேன். அது போதும். சட்டியருகே குனிந்து அவர் குரலில், "என் ராசா" என்றேன்.

மீன் வெங்காயத்தை விலக்கி ஒற்றைக் கண்ணால் பார்த்தது.

"தொண்டை ஒரு மாதிரி இருக்கே?" என்று செனகலின் வொலோஃப் மொழியில் கேட்டது.

எனக்கு அந்த மொழி தெரியாது. குரலுக்குத் தெரிந்திருந்தது. "சளி" என்றது.

"மகனுக்கு எந்தக் காதுல தழும்பு?"

"ரெண்டு காதும் சுத்தமா இருக்கு. என்னையே ஆழம் பாக்குறியா?"

அப்பா சமையலறை வாசலில் வந்து நின்றார். "உள்ள யாரு பொம்பளக் கொரலு?"

"மீன் விசாரிக்குதுங்ப்பா" என்றாள் அக்கா.

"கேக்கட்டும், கேக்கட்டும். எனக்கும் ஒரு சந்தேகம் இருந்துட்டேதான் இருக்குது."

மீன் அப்பாவைப் பார்த்தது. அப்பா தலையசைத்தார். பிறகு அது மெதுவாகக் கேட்டது: "இந்தப் பொண்ணு உனக்குச் சம்மதமா?"

சம்மதம் என்றால் பொய்க் குரல் என்று பிடித்துவிடும். இல்லை என்றால் கல்யாணம் போயிற்று. அக்கா கரண்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இவ வெங்காயம் அரிஞ்ச லட்சணத்தைப் பாத்தியா?" என்றேன். "ஒவ்வொண்ணும் விறகுக் கட்டை மாதிரி. நான் கூடவே இருந்து சொல்லிக் குடுத்தாத்தான் உருப்படுவா."

மீன் சாறு முழுவதையும் ஒரே மூச்சில் உறிஞ்சிக்கொண்டது.

உஸ்மான் மீனைச் சுட்டார், வெங்காயத்தைக் குழைய வதக்கினார், இரண்டையும் ஒன்றாகக் கொதிக்கவிட்டுச் சோற்றின் மேல் ஊற்றினார். அப்பா முதல் வாயை நெடுநேரம் மென்றார்.

"இன்னும் கொஞ்சம் வெக்கட்டுங்களா மாமா?"

"வெய்யுங் மாப்ள."

அப்போது ஃபோன் அடித்தது. உஸ்மானின் அம்மா. உஸ்மான் ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏனுங் சம்பந்தி," என்றார் அந்த அம்மா, என் குரலில், "கல்யாணத்தத் தையில வெச்சுக்கலாமுங்களா?"

நான் சரி சொல்ல வாயைத் திறந்தேன். அவருடைய இருமல்தான் வந்தது.

"தையில மண்டபம் கெடைக்காதுங்" என்றார் அப்பா, வெங்காயத்தை வழித்துக்கொண்டே. "மாசியில பாப்போமுங்."