புதைந்த வெப்பமானி

ஹென்ரிக் திரையில் காட்டிய கோடு அழகாக இருந்தது. அதைப் பார்த்ததுமே அஜந்தினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிரீன்லாந்தின் பனிமேட்டில் நிற்கிற கம்பத்தில், ஆறு உயரங்களில் காற்றையும் குளிரையும் பதினெட்டு வருடங்களாக அளந்துவருகிறார்கள். வருடாவருடம் பனி ஏறும். கோடையில் யாராவது போய்க் கருவிகளை உயர்த்திக் கட்டவேண்டும். பெரும்பாலும் அவள்தான் போனாள். கடந்த இரண்டு கோடையும் யாரும் போகவில்லை. தேவையில்லாத பயணம் என்று வெட்டியவன் அவளுடைய மேலாளன், இதே ஹென்ரிக். ஆக அடியிலிருந்த வெப்பமானி புதைந்துபோய், காற்றின் குளிரை விட்டுவிட்டுப் பனியின் குளிரைச் சொல்லிக்கொண்டிருந்தது. அந்த இரண்டு வருடத்தையும் கணினியால் நிரப்பிவிட்டு, ‘அளந்தது’ என்று கட்டுரையில் எழுதியிருந்தான். அந்த மேட்டுக்கு அவன் ஒரேயொரு முறை போயிருக்கிறான், புதுச் சிவப்பு ஜாக்கெட்டோடு, படம் எடுக்க.

“இது அளந்ததில்லை,” என்றாள் டேனிஷில்.

“யாருக்குத் தெரியப்போகிறது?”

“கணித்தது என்று எழுது. இல்லாவிட்டால் கட்டுரையிலிருந்து என் பெயரை எடு.”

“உன் ஒப்பந்தம் டிசம்பரோடு முடிகிறது, இல்லையா?” சுகம் விசாரிப்பவன்போலக் கேட்டான்.

அவனை இகழ்வது சுலபம். அன்று பின்னேரம் புறநகர் ஹ்விடோவ்ரேயிலிருந்த வீட்டில், கணவன் பிரதீபன் சோற்றில் மீன்குழம்பை ஊற்றிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டான்.

“ஒரு கோடுதானே, பேசாமல் விடுமன். அங்கை போய்ப் பாக்க ஆர் இருக்கினம்?”

“நான் இருக்கிறன்.”

“ஓம், இருந்து என்ன கண்டனீர்? ஆறு கிழமை பனிக்குள்ளை நிண்டு மூக்குத் தோல் உரிஞ்சதுதான் மிச்சம்.”

“நீங்கள் சாப்பிடுங்கோ.”

ஹென்ரிக்கை அவள் ‘நீ’ என்பாள். டேனிஷில் எல்லாரும் ‘நீ’தான். பிரதீபனை இத்தனை வருடமும் ‘நீங்கள்’ என்றே அழைத்திருக்கிறாள். அந்த மரியாதை இன்றைக்கு வாய்க்குள் ஆடுகிற பல்லாக நின்றது.

அடுத்த நாள் பெயரை எடுக்கச்சொல்லி எழுதினாள். ஹென்ரிக் பதிலுக்கு உயர்த்திய கட்டைவிரல் படம் ஒன்று அனுப்பினான். ஒப்பந்தம் நீளாது என்பது பிறகு தெரியவந்தது.

கம்பத்தின் பதினெட்டு வருட நிறைவு விழாவுக்குக் குடும்பத்தோடு அழைப்பு. “போகாட்டில் நல்லாயிராது,” என்று கோட்-சூட்டைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்தான் பிரதீபன். வாசலில் ஹென்ரிக்கின் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினான். அஜந்தினி வேறுபக்கம் பார்த்தாள்.

“பதினெட்டு வருடம், ஒருநாளும் அறாத அளவீடு,” என்று ஹென்ரிக் முடித்தான். கேள்வி இருக்கிறதா என்றான்.

அவள் எழுந்தாள். “கடைசி இரண்டு வருடமும் அடி வெப்பமானி பனிக்குள் கிடந்தது. அதை எப்படி அளந்தாய்?”

பிரதீபன் அவளுடைய சட்டைக் கையைப் பிடித்து இழுத்தான். “இரும்... சனம் பாக்குது.”

“நல்ல கேள்வி,” என்றான் ஹென்ரிக். “கோப்பி குடித்துக்கொண்டே பேசலாம்.”

மண்டபம் சிரித்தது. யாரோ கைதட்டத் தொடங்க, எல்லாரும் தட்டினார்கள். பிரதீபன் அவளுடைய சட்டையை விட்டான். நேரே மேடையைப் பார்த்தபடி அவனும் தட்டினான், இரண்டு கை மோதிரங்களும் இடிபட, பலமாக. அஜந்தினி உட்காரவில்லை. குனிந்து, எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்த அவனுடைய உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.