டீச்சர் எழுதிய நாலாவது வரி

படகின் மூக்கைப் பன்னிரண்டு என்று வைத்துக்கொண்டு, மீன் நிற்கும் திசையைக் கடிகார மணியாகச் சொல்வது மீன்பிடி வழிகாட்டிகளின் வழக்கம். "பத்து மணி, நாப்பது அடி" என்று படகின் பின்பக்க மேடையில் நிற்கும் வழிகாட்டி சொன்னால், முன்னால் நிற்கும் விருந்தாளி இறகும் நூலும் சுற்றிய பொய் இரையை அங்கே வீசுவார். மீன் மாட்டினால் ஒரு படம், உடனே திரும்பவும் கடல். இதற்காகவே மூன்று விமானம் மாறி, மனித வாடையே இல்லாத அந்தப் பவளத் திட்டுக்கு வருவார்கள்.

கொக்கு இருபத்திரண்டு வருடமாகப் பின்மேடையில் கழி ஊன்றி நிற்கிறார். ஆடாமல் அசையாமல் நிற்பதால் வந்த பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர், விருந்தாளிகள் தங்கும் மீன்பிடி முகாமின் பதிவேட்டில் மட்டும் இருக்கிறது.

வெயிலும் உப்பும் சேர்ந்து அவருடைய இரண்டு கண்ணிலும் சதை வளர்த்துவிட்டிருந்தன. சீசன் முடிய ஆறு வாரம். முடிந்ததும் கப்பலேறி ஆபரேஷன் செய்துகொண்டு, அடுத்த சீசனுக்குள் திரும்பிவிடலாம். நடுவில் தெரிந்துபோனால் மேடையில் வேறு ஆள் ஏறிவிடுவான். ஏறியவன் இறங்கியதாகச் சரித்திரம் இல்லை.

அவர் மனைவியின் தம்பி, முகாமில் படகு கழுவுகிறவன், விஷயம் தெரிந்த ஒரே ஆள்.

"மச்சான், இன்னிக்கு மீனைப் பாப்பியா, இல்ல மீன் உன்னைப் பாத்துச் சிரிக்குமா?" என்றான் அவன்.

"வாயை மூடிட்டு கயித்தை அவுரு."

அந்த வாரத்து விருந்தாளி ஒரு பல் டாக்டர். கூட வந்த மனைவி டீச்சர். தூண்டிலைத் தொடுவதில்லை, நடுப்பலகையில் தொப்பியோடு உட்கார்ந்திருப்பார். முதல் நாள் காலை கொக்கு, "பதினோரு மணி, அம்பது அடி" என்றார். டாக்டர் ஆறு தடவை வீசினார்.

"ஏம்பா, மீனா, பாசியா?"

"மீன்தான் சார். போயிடுச்சு."

பாசிதான். பொய் சொன்ன நாக்கு அன்று முழுவதும் உறுத்தியது.

மறுநாள் டீச்சர், தனக்குத்தானே பேசிக்கொள்கிறவர் போல மெதுவாகச் சொன்னார். "வலப்பக்கம் மூணு வால் மின்னுதே."

கொக்குவுக்குப் புரிந்தது. "ரெண்டு மணி, முப்பது அடி சார்."

மீன் கவ்வியது. டாக்டர் வழக்கம்போல் தூண்டில் கோலை மேலே தூக்கினார். இரை வாயிலிருந்து கழன்றது.

"பல்லைப் பிடுங்கற மாதிரி தூக்காதீங்க சார். கயித்தை உங்க பக்கம் இழுங்க."

"முப்பது வருஷப் பழக்கம்பா, கை கேக்குதா?"

அடுத்த மீனைச் சரியாக இழுத்தார். அன்று ஐந்து மீன். பார்த்ததெல்லாம் டீச்சர், சொன்னதெல்லாம் கொக்கு. உதவி வாங்குகிறவன் தலை குனியாதபடி உதவ எல்லோருக்கும் வருவதில்லை. அந்த அம்மாவுக்கு வந்தது.

மதியம் மணல் திட்டில் டாக்டர் முகத்தில் தொப்பியைக் கவிழ்த்துத் தூங்கினார்.

"கண்ணுல சதை எவ்வளவு நாளா?" என்று கேட்டார் டீச்சர்.

"ரெண்டு வருஷம் மேடம். நீங்க எப்படி மேடம் இவ்வளவு தூரம் பாக்கறீங்க?"

"பரீட்சை ஹால்ல கடைசி பெஞ்சுல எவன் பிட் எடுக்கறான்னு பாத்த கண்ணு இது." சிரித்தார். பிறகு, "வைத்தியம் பாக்கலையா?"

"சீசன் முடிஞ்சதும் மேடம். சார்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

"சொல்ல மாட்டேன். ஆனா அதுவரைக்கும் ஏன் காத்திருக்கணும்?"

பதில் நாக்கு நுனிக்கு வந்தது. அதற்குள் டாக்டர் எழுந்து, "கிளம்பலாமா?" என்றார். கொக்கு கழியை எடுத்துக்கொண்டார். அந்தக் கேள்விக்கு அப்போதே பதில் சொல்லியிருக்க வேண்டும்.

டீச்சர் சொன்ன சொல் தவறவில்லை. புருஷனிடம் மூச்சுவிடவில்லை. கிளம்பும் நாள் காலையில், விருந்தாளிகள் கருத்து எழுதும் தாளில் அவர்தான் எழுதினார். மேனேஜர் அதைக் கொக்குவுக்கு வாசித்துக் காட்டினார். இவரைப் போல் பொறுமைசாலியைப் பார்த்ததில்லை என்று முதல் வரி. கடலை இவர் மதிக்கிறார், மீனைத் தண்ணீரிலேயே வைத்துப் பிடித்து, அது தானாக நீந்தும்வரை காத்திருக்கிறார் என்று அடுத்த இரண்டு. நாலாவது வரி: 'இவருடைய கண் பார்வை மிகவும் குறைந்துவிட்டது, தயவுசெய்து உடனே சிகிச்சைக்கு அனுப்புங்கள்.'

மேனேஜர் தாளை மடித்தார். கெட்ட மனிதர் இல்லை.

"ஏன்யா சொல்லல? நாளைக்கு வர்றவங்க பாசிக்கா வீசுவாங்க? அடுத்த கப்பல்ல போய்க் கண்ணைப் பாத்துக்கோ. கழியை உன் மச்சான்கிட்ட குடு."

"திரும்பி வந்தா சார்?"

"வா. படகு கழுவ ஆள் வேணும்ல."

விமான ஓடுதளத்துக்கு அவர்கள் பெட்டியைத் தூக்கிப்போன கொக்குவை டீச்சர் ஓரமாக அழைத்தார்.

"மேனேஜர் பேசினாரா? சாருக்குத் தெரியாமத்தான் எழுதினேன்."

அவர் முகத்தில், நல்லது செய்துவிட்ட குழந்தையின் ஆவல் இருந்தது. ஒரே ஒரு வாக்கியம் போதும், அந்த முகம் வாடிப்போக. கொக்குவின் வாயில் அது தயாராக இருந்தது.

"பேசினார் மேடம். அடுத்த கப்பல்லயே அனுப்பறாங்க."

"அப்பாடா. அடுத்த வருஷமும் வருவோம். உங்க படகுதான் வேணும்னு இவர் இப்பவே சொல்லிட்டார்."

"வாங்க மேடம்."

விமானம் போனபின் கொக்கு படகுத்துறைக்கு வந்து குழாயைத் திறந்தார். உப்பு போகப் படகைக் கழுவ வேண்டும். மச்சான் அடுத்த படகுக்குப் பின்னால் நின்றான். கேலி ஒன்றும் வரவில்லை, முகத்தைப் பார்க்கவும் இல்லை.

அந்த அம்மா மேல் கோபமே இல்லை என்று சொன்னால், அது ஆண்டவனிடமே சொல்லும் பொய். கோபம் இருந்தது, நெஞ்சு கசக்கும் அளவுக்கு. அது போகட்டும் என்று வேண்டிக்கொள்ள அன்று அவருக்கு மனம் வரவில்லை. அடுத்த வருஷம் அவர்கள் வரும்போது, நடந்ததை யாரும் டீச்சரிடம் சொல்லிவிடக் கூடாது என்று மட்டும் வேண்டிக்கொண்டார்.

பிறகு கழியையும் நன்றாகத் துடைத்து, மச்சானிடம் நீட்டினார்.