பூஜ்யம் வாங்கிய பனிமூட்டம்

என் அக்கா வீட்டுக்காரர் பள்ளிக்கூட வாத்தியார். மார்க் போடாமல் அவருக்குப் பொழுது போகாது. அக்கா போடும் காபிக்கு ஆறரை, நான் ஸ்கூட்டர் ஓட்டும் அழகுக்கு மூன்று. எங்கள் கிளப்பில் மாய மிருகங்களையும் மந்திரங்களையும் வைத்து ஆடும் கார்டு விளையாட்டு. புதுக் கார்டுகள் வந்ததும் ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று எழுதிச் சுவரில் ஒட்டிவிடுவார். மற்றவர்களும் அதை அப்படியே நம்புவார்கள்.

'பனிமூட்டம்' கார்டுக்கு அத்தான் போட்டது பூஜ்யம். அதைப் போட்டால் அந்தச் சுற்று முடியும்வரை களத்தில் உள்ள எல்லா மிருகத்துக்கும் பலம் ஒன்றுதான். 'நம் மிருகத்தையும் சேர்த்துச் சோப்ளாங்கி ஆக்கும், குப்பை' என்று குறிப்பு வேறு.

நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள். பொடி எழுத்து என்றால் விடமாட்டேன். 'எதிராளியின் முறையிலும் போடலாம்' என்று கார்டின் அடியில் இருந்தது. அத்தான் தன் முறையில் மட்டுமே போடுவதாக நினைத்து மார்க் போட்டுவிட்டார். நான் வாயைத் திறக்கவே இல்லை.

காரணம் உண்டு. எங்கள் அணியில் நான்கு பேர். நான்காவது இடம் ஐந்து வருஷமாக அத்தானுடையது. நானோ இரண்டு வருஷமாக அவர்களுக்கு ஸ்கோர் எழுதிக்கொண்டும் பை தூக்கிக்கொண்டும் அலைந்தேன். அந்த இடம் எனக்கு வேண்டும். ஆசை என்றால் அப்படி ஓர் ஆசை. கேட்டேவிட்டேன். ஞாயிறு மதியம் ஒரே ஆட்டம், ஜெயிப்பவருக்கு இடம் என்றார் கேப்டன்.

ஆட்டம் ஒரு மணி நேரம் இழுத்தது. கடைசியில் அத்தான் பக்கம் ஒரே ஒரு யாளி, பலம் பன்னிரண்டு. என் பக்கம் ஐந்து எலிகள், ஒவ்வொன்றுக்கும் பலம் ஒன்று. அவருக்கு உயிர் நான்கு, எனக்கு ஆறு; உயிர் தீர்ந்தவர் தோற்றார். சுற்றி நின்றவர்கள் என்னைப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள்.

அத்தான் 'தராசு' கார்டை மேஜையில் தட்டி வைத்தார். இரு பக்கத்துப் பலத்தையும் தனித்தனியே கூட்ட வேண்டும். குறைந்த பக்கத்துக்காரருக்கு, எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு உயிர் போகும்.

"பன்னெண்டுல அஞ்சு போனா ஏழு. உனக்கு இருக்கிறது ஆறு. மூட்டையைக் கட்டும்மா."

"இருங்க அத்தான், என்ன அவசரம்?" பனிமூட்டத்தை அவர் கார்டின் மேல் வைத்தேன்.

விழுந்து விழுந்து சிரித்தார். "நான்தான் எண்ணிட்டேனே! இனிமே நீ எதைப் போட்டா என்ன? நடுவர்!"

கிளப்புக்கு ஒரே நடுவர்தான். என் அக்கா. ஒரு பக்கம் கட்டியவர், மறுபக்கம் கூடப் பிறந்தவள். அக்கா எங்கள் இருவர் முகத்தையும் பார்க்காமல் விதிப் புத்தகத்தைப் புரட்டிச் சத்தமாகப் படித்தாள்.

"கடைசியாக வைத்த கார்டு முதலில் நடக்கும். பலத்தை எண்ண வேண்டியது கார்டு நடக்கும்போது, வைக்கும்போது அல்ல."

"அப்படின்னா?" அத்தான் குரல் இறங்கிவிட்டது.

"முதல்ல பனி. உங்க யாளிக்குப் பலம் ஒண்ணு. எலிங்க எப்பவும் ஒண்ணுதான், அதுங்களுக்கு என்ன நஷ்டம்? அஞ்சு எலி, அஞ்சு. இப்ப உங்க தராசை எண்ணுங்க."

அத்தான் விரல் விட்டு எண்ணினார். ஐந்தில் ஒன்று போனால் நான்கு என்று கண்டுபிடிக்க ஒரு வாத்தியாருக்கு அவ்வளவு நேரம் ஆகும் என்று அன்றுதான் தெரிந்தது. அவரிடம் இருந்த உயிரும் நான்குதான்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. சிரிக்கிறேன், கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. கேப்டன் அணிப் பட்டியலில் அத்தான் பெயரை அடித்து என் பெயரை எழுதினார்.

"நான்காவது இடம், சவால் விட்டவருக்கு" என்று அக்கா செய்தி வாசிப்பதுபோல் அறிவித்தாள். பிறகு நடுவர் பேட்ஜைக் கழற்றி மேஜையில் வைத்தாள். கூரை அதிர ஒரு கத்தல்.

"என் தங்கச்சிடா!"

கிளப்பே கை தட்டியது. அத்தானும் தட்டினார். அவரும் அக்கா இருக்கிற வீட்டுக்குத்தானே திரும்பிப் போக வேண்டும்.