நடிகையைத் தாண்டிப் போன டிராலி

1

இந்தக் கதையை நானாக எழுத வரவில்லை. எங்கள் இயக்குநர் படம் எடுக்க வந்து முப்பது வருடம், விழா மலர் போடுகிறார்கள். கூட வேலை பார்த்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் தர வேண்டுமாம். நான் கேமரா வைத்த டிராலியைத் தண்டவாளத்தின்மேல் தள்ளுகிறவன். நாற்பத்தெட்டு வயதில் எழுத்துக் கூட்டக் கற்றவன். ஒரு பக்கம் என்பது எனக்கு இரண்டு நாள் வேலை.

2

"மாலைச் சூரியன் பொன்னாக உருகிக்கொண்டிருந்த வேளையில் அவர்..."

[அடித்துவிட்டேன். அவரை முதலில் பார்த்த அன்றைக்கு மழை.]

முதல் படத்தில் அவருக்குப் பொறுமையே கிடையாது. "ஓடுப்பா, ஓடு" என்பார். கேமரா நாய் துரத்தியது போல ஓடும். படமும் தியேட்டரை விட்டு அப்படியே ஓடியது.

இரண்டாவது படத்தில்தான் அந்த ஷாட். வீட்டை விட்டுப் போகும் அம்மா வாசலில் நிற்பாள், டிராலியும் அங்கே நிற்க வேண்டும். என் செருப்பு தண்டவாளக் கட்டையில் மாட்டிக்கொண்டது. பிடி நழுவியது. வண்டி பாட்டுக்கு அவளைத் தாண்டி, ஒரு காலி நாற்காலிக்கு எதிரே போய் நின்றது. பிலிம் அதோடு தீர்ந்தது. மறுபடி எடுக்க வழியில்லாமல் அதையே படத்தில் வைத்தார்.

அந்த நாற்காலியைப் பற்றிப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. பிறகு இருபது படங்கள். ஆளைத் தாண்டிப் போய் நிற்பதே அவர் பாணி ஆயிற்று. வெளிநாட்டில் பரிசு.

[இவ்வளவு பெரிய வளர்ச்சியை நாலு வரியில் முடித்ததற்கு மன்னிக்கவும். கை வலிக்கிறது.]

3

வீட்டுக்காரி படித்துப் பார்த்தாள். "உள்ளத எழுதினா அடுத்த படத்துக்குக் கூப்பிடுவாரா? தங்கமான மனுஷன்னு எழுதிக் குடுத்துட்டு வாங்க."

"அது அரைப் பக்கம்கூட வராதே."

4

அவரிடமே கொண்டுபோனேன். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு படித்தார்.

"செருப்பா மாட்டுச்சு?"

"ஆமா சார்."

"ஏம்ப்பா இத்தன வருஷமா சொல்லல?"

"நீங்க கேக்கல சார். அன்னிக்குத் திட்டுனதோட சரி."

"நீ வேணும்னே தாண்டிப் போனதா நெனச்சேன். என்னைவிட இவனுக்குத் தெரியுதேன்னு ஒரே வயித்தெரிச்சல். அதான் வேற யாருகிட்டயும் போகவிடாம, படத்துக்குப் படம் உன்னை இழுத்துக்கிட்டு வந்தேன்."

விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். வேலை ஞாபகம் வந்து பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

"அப்ப நாளைக்குப் புதுப் படத்துக்கு வரலாமா சார்?"

"வா. ஆனா எங்க நிக்கணும்னு கேக்காத. எனக்கும் தெரியாது."

5

முடிவு ஒன்று: நடிகைக்கு நேராக நிறுத்தினேன். [அவருக்கு வயதாகிவிட்டது என்பார்கள்.]

முடிவு இரண்டு: தாண்டிப் போனேன். [அரைத்த மாவையே அரைக்கிறார் என்பார்கள்.]

முடிவு மூன்று: வண்டியைத் தள்ளாமல்

இன்றைய ஷாட்டுக்கு விளக்குகள் போட்டாயிற்று. டிராலியில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன், எழுந்திருக்கச் சொல்கிறார்கள். மலருக்கான கடைசி வரியை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். எனக்குத் தள்ளுகிற வேலை இருக்கிறது.